ஊறுகாய் இயந்திரமும் இரண்டு அங்குல ரப்பரும்

தாமஸ் ஹான்காக் 1820ல் லண்டனில் செய்த ஓர் இயந்திரத்துக்கு ‘பிக்கிள்’ என்று பெயர் வைத்தார். ஊறுகாய். ஆனால் அதில் காயும் இல்லை, உப்பும் இல்லை. பற்கள் பதித்த ஓர் உருளை, அதைச் சுற்றிப் பற்கள் பதித்த ஒரு கூடு, கையால் சுற்ற ஒரு பிடி, அவ்வளவுதான். உள்ளே போட்டது ரப்பர் வெட்டுத் துண்டுகளை. பெயரைக் கேட்டு வெளியாள் எதையும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயர்.

நம் ஊரில் ரப்பரைப் பற்றி எழுதப்பட்ட தமிழைச் சேர்த்தால் ஒரு பெரிய அலமாரி நிறையும். லயம், கங்காணி, பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து பெரும்பாலும் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. புகைபோட்ட ஷீட்டு லாரி ஏறிக் கப்பல் ஏறிய பிறகு அது யார் கைக்குப் போனது, அங்கே அதை என்ன செய்தார்கள் என்பது நம் கதைகளில் அநேகமாக வருவதில்லை. அந்தப் பக்கத்தை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரே விஷயம்தான். யாரோ ஒருவர் இன்னொருவரின் வாயைக் கட்டப் பார்க்கிறார். இன்று ‘என்டிஏ’ என்று சொல்கிறோமே, ரகசியக் காப்பு ஒப்பந்தம், அது ஒரு தாளாக உருவெடுப்பதற்கு முன் எப்படி இருந்தது, எதனால் தாளானது என்பதை ரப்பரை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஹான்காக் 1786ல் வில்ட்ஷயரில் மார்ல்பரோ என்ற ஊரில் பிறந்தவர். வண்டி கட்டும் தொழில் செய்தவர். 1820ல் கையுறை, காலுறை போன்றவற்றில் இழுபடும் ரப்பர் பட்டை வைத்துத் தைக்க ஒரு காப்புரிமை எடுத்தார். அந்தக் காலத்தில் ரப்பர் தென்னமெரிக்காவிலிருந்து குப்பி வடிவிலும் காலணி வடிவிலும் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பட்டை வெட்டினால் கழிவே நிறைய மிஞ்சும். கழிவைப் பொடியாகக் கிழித்தால் மறுபடி ஒட்டவைக்கலாம் என்று நினைத்துத்தான் பல்லுருளையைச் செய்தார். ரப்பரோ கிழியவில்லை. சூடேறி, பிசைந்த மாவு மாதிரி ஒரே உருண்டையாகத் திரண்டு வந்தது. அச்சில் அழுத்தலாம், தகடாக்கலாம், கரைசலில் சுலபமாகக் கரைக்கலாம். கழிவை மிச்சம்பிடிக்கப் போனவர் கையில் ஒரு தொழிலே கிடைத்தது. மாஸ்டிகேஷன் என்று பிற்பாடு சொல்லப்பட்ட இந்தப் பிசைதல் இல்லாமல் எந்த ரப்பர் தொழிற்சாலையும் அதற்குப் பிறகு நடந்ததில்லை.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அதற்குக் கணக்கு இருந்தது. அன்றைய பிரிட்டனில் காப்புரிமை எடுப்பது பணக்காரர் வேலை. இங்கிலாந்துக்கு மட்டுமே நூறு பவுனுக்கு மேல் ஆகும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து இரண்டையும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும். அதைக் கொடுத்தாலும் பதினான்கு ஆண்டுதான். அதுவும் செய்முறையை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டு. எழுதிக் கொடுத்ததை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருவன் அதைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மலிவு.

ஆனால் முதலாளி மட்டும் வாயை மூடினால் போதாதே. பிடியைச் சுற்றுபவனும் மூட வேண்டும். இங்கிலாந்தில் தொழில் பழகச் சேரும் பையன்களுக்கு ஒரு பழைய உடன்படிக்கை உண்டு. எஜமானனுக்கு உண்மையாக இருப்பேன், அவருடைய ரகசியங்களைக் காப்பேன், சொன்னதைச் செய்வேன் என்று அதில் எழுதியிருக்கும். சாப்பாடு, படுக்கை, தொழில் மூன்றுக்கும் ஈடாக ஏழு ஆண்டு உழைப்பும் மௌனமும். என்டிஏவின் முப்பாட்டன் இதுதான். ஒரு வித்தியாசம், அதில் இரண்டு பக்கமும் கடமை இருந்தது. பையனுக்குத் தொழிலை முழுசாகக் கற்றுத்தர வேண்டியது எஜமானனின் பொறுப்பு. ஆலைகள் வந்தபோது கற்றுத்தரும் பகுதி கழன்றுபோனது, மௌனம் மட்டும் நின்றது. ஹான்காக்கின் ஊறுகாய் ரகசியம் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1837ல்தான் அவர் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அதற்குள் அவர் மான்செஸ்டரில் சார்ல்ஸ் மகின்டாஷ் நிறுவனத்தின் பங்குதாரராகி இருந்தார். மழைக்கோட்டுக்கே மகின்டாஷ் என்று பெயர் வரக் காரணமானவர் அந்த மகின்டாஷ். கோட்டு நன்றாகத்தான் விற்றது. ஆனால் கோடையில் பிசுபிசுத்தது, பனியில் மரக்கட்டையாக விறைத்தது. இந்தக் குறை ரப்பரின் கூடப் பிறந்தது. அதைத் தீர்ப்பவன் உலகை ஆள்வான் என்பது இரண்டு கண்டங்களிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் அந்தப் பைத்தியம் பிடித்தவர் சார்ல்ஸ் குட்இயர். 1800ல் பிறந்தவர், இரும்புச் சாமான் வியாபாரத்தில் நொடித்தவர், கடன்காரர் சிறைக்குப் போய்ப் போய் வந்தவர். ரப்பரில் அதையும் இதையும் கலந்து வீட்டுச் சமையலறையையே நாறடித்தவர். அமெரிக்கத் தபால்துறைக்கு 150 பைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, அவை வெயில் காலத்தில் உருகி வழிந்து மானம் போனது. நதானியல் ஹேவர்ட் என்பவர் கந்தகத்தை ரப்பரில் தூவி வெயிலில் காயவைப்பதைக் கண்டு அந்த உரிமையை வாங்கினார். 1839ல் மாசசூசெட்ஸில் வூபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல்போல் கருகி நின்றது. அடுப்பில் தற்செயலாக விழுந்தது என்பது பள்ளிப் பாடப்புத்தகக் கதை. தற்செயலுக்கு முன்னால் ஐந்து வருஷப் பட்டினி இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது.

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. கண்டுபிடித்தாயிற்று, கையில் காசில்லை. சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பது இன்னும் கைவசப்படவில்லை. முழுமையாகாமல் காப்புரிமைக்கு எழுதிக் கொடுக்க மனமில்லை. 1842ல் நியூயார்க்கில் இருந்த ஸ்டீபன் மோல்ட்டன் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அவர் கையில் சில மாதிரித் துண்டுகளைக் கொடுத்து, மகின்டாஷ் நிறுவனம் இந்த ரகசியத்தை விலைக்கு வாங்குமா என்று கேட்டுவரச் சொன்னார் குட்இயர். செய்முறை மோல்ட்டனுக்கே தெரியாது. தெரிந்தால்தானே உளறுவதற்கு.

மகின்டாஷ் தரப்பு, பார்க்காத ரகசியத்துக்கு விலை சொல்ல முடியாது, போய் முதலில் காப்புரிமை எடுக்கச் சொல்லுங்கள் என்றது. நியாயமான பதில்தான். குட்இயருக்கோ சொன்னால் போச்சு, சொல்லாவிட்டால் விற்காது. இந்த முடிச்சைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962ல் ஒரு கட்டுரையில் தெளிவாக எடுத்துவைத்தார். தகவல் என்ற சரக்கின் மதிப்பு என்னவென்று வாங்குபவனுக்குத் தெரிய வேண்டுமானால் தகவலைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அது இலவசமாகவே அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயில் வாசலில் மாம்பழம் விற்பவள் ஒரு கீற்று அரிந்து கொடுக்கலாம், மீதிப் பழம் அவளிடம் இருக்கும். ரகசியத்தில் கீற்று என்று ஒன்று கிடையாது. ‘நான் காட்டுகிறேன், வாங்காவிட்டாலும் நீ பயன்படுத்த மாட்டாய், யாரிடமும் சொல்ல மாட்டாய்’ என்று முன்கூட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் இந்த முடிச்சுக்கு மனிதன் கண்டுபிடித்த ஒரே நடைமுறை வழி. குட்இயரிடம் அந்தத் தாள் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகம்தான். கடன்காரச் சிறையிலிருந்து வந்தவனுக்கு மான்செஸ்டரின் பெரிய கம்பெனி எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

மாதிரிகளில் இரண்டு சின்னத் துண்டுகள் வில்லியம் ப்ரோக்டன் என்ற ஓவியர் மூலம் ஹான்காக்கிடம் வந்தன. ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம். குளிரில் விறைக்கவில்லை. மேலே மஞ்சளாக ஏதோ பொடி, லேசாகக் கந்தக வாடை. இதையெல்லாம் நான் எங்கிருந்தோ பொறுக்கவில்லை. 1857ல் ஹான்காக் தன் தொழில் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டபோது அவரே எழுதியது. கந்தகத்தைக் கண்ணில் மண்தூவுவதற்காகப் பூசியிருப்பார்களோ என்றும் சந்தேகப்பட்டிருக்கிறார். இயந்திரத்துக்கு ஊறுகாய் என்று பெயர் வைத்தவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் முயன்றார். கடைசியில் உருக்கிய கந்தகத்தில் ரப்பர் பட்டைகளை மூழ்கவைத்துச் சூட்டைக் கூட்டக் கூட்ட, பட்டை மாறுவதைப் பார்த்தார். 1843 நவம்பர் 21ல் இங்கிலாந்தில் விண்ணப்பம் போட்டுவிட்டார். குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1844 ஜூன் 15ல். இங்கிலாந்தின் கதவு அதற்குள் சாத்தப்பட்டுவிட்டது. நெருப்புக்கடவுள் வல்கனின் பெயரால் வல்கனைசேஷன் என்ற சொல்லை உண்டாக்கியவரும் அந்த ப்ரோக்டன்தான். கண்டுபிடித்தவனுக்குப் பெயர் வைக்கும் பாக்கியம்கூட மிஞ்சவில்லை.

ஹான்காக் திருடினாரா? என் அபிப்பிராயத்தில் இல்லை. யாருக்கும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கதவை உடைக்கவில்லை, ஆளை விலைக்கு வாங்கவில்லை. விற்பனைக்காகக் காட்டப்பட்ட பொருளைப் பார்த்தார், முகர்ந்தார், யோசித்தார். இன்றைய சட்டத்திலும் ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்துச் செய்முறையை ஊகிப்பது குற்றமில்லை, அப்படிச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய. இருந்தாலும் மனசு ஆற மாட்டேன் என்கிறது. தன் பட்டறை ஆட்களின் வாயை அத்தனை வருஷம் கட்டிவைத்தவர், அடுத்தவன் ரகசியம் வாய் திறக்காமலே பேசும் என்பதை மோப்பம் பிடித்துக் காட்டியிருக்கிறார். 1850களில் இங்கிலாந்தில் வழக்குகள் நடந்தபோது, வெறும் மாதிரியை வைத்துச் செய்முறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று பெரிய வேதியியல் அறிஞர்கள் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார்கள். அவருடைய உரிமை நின்றது. மாதிரியைச் சுமந்துவந்த அதே மோல்ட்டன் 1848ல் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனில் சொந்த ரப்பர் ஆலை தொடங்கி, அவரும் ஹான்காக் தரப்போடு கோர்ட்டு ஏறினார் என்பது தனிக் கூத்து.

குட்இயருக்கு அமெரிக்காவில் 1852ல் ட்ரென்டன் நகரில் ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. அவர் பக்கம் வாதாடிய டேனியல் வெப்ஸ்டருக்கு 15,000 டாலர் கூலி. 1855ல் பாரிஸில் கடனுக்காகச் சிறையில் இருந்தபோது நெப்போலியன் பேரரசரின் பதக்கம் அவரைத் தேடிச் சிறைக்கே வந்தது. 1860ல் இறந்தபோது கடன் ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர். டயர் கம்பெனியின் பெயரைப் பார்த்து அவர் குடும்பம் கோடீஸ்வரக் குடும்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கம்பெனி 1898ல் ஆக்ரன் நகரில் வேறொருவர் தொடங்கியது. பெயரை மட்டும் கௌரவத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதே காலத்தில்தான் நீதிமன்றங்கள் ரகசியத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. 1851ல் இங்கிலாந்தில் மோரிசன் - மோட் வழக்கு. சர்வரோக நிவாரணி மாத்திரை ஒன்றின் கலவையைப் பங்குதாரர் தன் மகனுக்குச் சொல்லிவிட்டார், மகன் கடை போட்டான். நம்பிக்கையை மீறிப் பெற்றதைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. மாத்திரையால் ஒரு ரோகமும் தீர்ந்திருக்காது, ஆனால் சட்டத்துக்கு நல்ல அஸ்திவாரம் கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1868ல் மாசசூசெட்ஸில் தீர்ப்பான பீபாடி - நார்ஃபோக் வழக்கு. சேலம் நகரத்துச் சங்கதி. நம்ம சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம். ஆனால் சரக்கு நம் பக்கத்துச் சரக்குத்தான், வங்காளத்துச் சணல். சணலின் அடித்தண்டு, யாரும் சீண்டாத கழிவு. அதிலிருந்து சாக்குத்துணி நெய்யும் முறையையும் இயந்திரத்தையும் பிரான்சிஸ் பீபாடி உருவாக்கினார். இயந்திரப் பொறுப்புக்கு நார்ஃபோக் என்ற பொறியாளரை வைத்து, ரகசியத்தை வெளியிட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். நார்ஃபோக் விலகிப்போய்ப் போட்டி ஆலை கட்ட உதவினார். தீர்ப்பு வருவதற்குள் பீபாடி இறந்துவிட்டார். நீதிபதி ஹோரஸ் கிரே சொன்னதன் சாரம் இது: காப்புரிமை இல்லாவிட்டாலும் ரகசியச் செய்முறை காக்கத்தக்க சொத்து. வேலையாட்களிடம் நம்பிச் சொன்னதால் அது ரகசியம் இல்லை என்று ஆகிவிடாது. எழுதிக் கொடுத்த வாக்கை நீதிமன்றம் நிறைவேற்றி வைக்கும். தொழில் பழகும் பையனின் சத்தியம் இப்படியாக ஆலைத் தொழிலாளியின் கையெழுத்தானது. நார்ஃபோக்கின் தலைக்குள் இருந்த பொறியியல் எவ்வளவு பீபாடியுடையது, எவ்வளவு நார்ஃபோக் தானே பட்டுத் தேறியது என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரும் அவசரப்படவில்லை.

இனி நம் கரைக்கு வருகிறேன். ஹென்றி விக்கம் 1876ல் அமேசானிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோனதைக் கடத்தல் என்று சொல்வது வழக்கம். 1877ல் அதிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதற்குப் பிறகு இங்கே நடந்ததில் ரகசியம் என்பது அநேகமாக இல்லை. 1888ல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டுக்காயத்தைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, அதைக் காதில் விழுபவர்களிடமெல்லாம் சொன்னார். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களைத் துரத்தினார். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வந்ததுதான் மிச்சம். 1925ல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோதும் அதே வழிதான். ரப்பர் மீது விதித்த தீர்வையில் நடந்த நிலையம் என்பதால் ஒட்டுமரக் கன்று, உரம், வெட்டு முறை எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தது. துரைக்கும் தெரியும், சின்னத் தோட்டக்காரனுக்கும் தெரியும்.

இதைத் தாராள மனசு என்று சொல்லத் தயங்குகிறேன். மூலப்பொருள் விளையும் இடத்தில் அறிவு பரவப் பரவச் சரக்கு கூடும், சரக்கு கூடினால் வாங்குபவனுக்கு மலிவு. மான்செஸ்டரிலும் ஆக்ரனிலும் கலவைக் குறிப்புகள் பெட்டிக்குள் பூட்டியிருந்தன. மலாயாவில் எல்லாம் திறந்து கிடந்தது. லாபம் எந்தப் பக்கம் தங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் பெரியப்பா பேராக்கில் ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பாலில் எவ்வளவு ஆசிட் ஊற்ற வேண்டும் என்பதற்கு அளவுக் கோப்பை இருந்தது, அட்டவணையும் சுவரில் தொங்கியது. ‘அட்டையைப் பாத்து ஊத்துனா ஷீட்டு சரியா வராதுப்பா. மழை பெஞ்ச அன்னைக்குப் பால்ல தண்ணி அதிகம். வெயில் அன்னைக்கு வேற. கைய விட்டுப் பாத்தாத் தெரியும்’ என்பார். அந்தக் கையை எந்தத் துரையும் ரகசியம் என்று நினைக்கவில்லை, வாய்க்கட்டு பத்திரமும் கேட்கவில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தக் கையோடுதான் போயிருப்பார். தடுத்திருக்க ஆள் இல்லை. அதற்காகக் கூடுதல் சம்பளம் கொடுக்கவும் ஆள் இல்லை.

பூட்டிய பெட்டிகள் ஒருமுறை திறந்தன. 1941 டிசம்பர் 19, ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்த நாள். அதே நாளில் அமெரிக்காவில் குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன், யு.எஸ். ரப்பர், ஸ்டாண்டர்ட் ஆயில் ஆகிய நிறுவனங்கள் செயற்கை ரப்பர் பற்றிய காப்புரிமைகளையும் தகவல்களையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டன. மலாயா போனால் டயர் இல்லை, டயர் இல்லாமல் யுத்தம் இல்லை. காலம் காலமாக ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கலவை சொன்னார்கள். 1945ல் அமெரிக்காவின் செயற்கை ரப்பர் உற்பத்தி ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. போர் முடிந்து சில ஆண்டுகளில் பெட்டிகள் மறுபடி பூட்டிக்கொண்டன.

அப்படிப் பூட்டிய பெட்டி ஒன்றோடு வெளியே நடந்தவர் டொனால்ட் வோல்கமத். ஆக்ரனில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் 1954ல் சேர்ந்த வேதிப் பொறியாளர். சேரும்போதே ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மெர்க்குரி விண்வெளி வீரர்களின் உடையைச் செய்த நிறுவனம் குட்ரிச். வோல்கமத் படிப்படியாக அந்த விண்வெளி உடைப் பிரிவுக்கே மேலாளரானார். 1962ல் டெலவேர் மாநிலத்திலிருந்த இன்டர்நேஷனல் லேட்டெக்ஸ் நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. உள்ளாடை விற்றுப் பேர் வாங்கிய கம்பெனி, அப்போது அப்பல்லோ உடையில் பங்கு பெற்றிருந்தது. குட்ரிச்சில் அவருக்கு ஆண்டுக்கு 10,644 டாலர். புதிய இடத்தில் 13,700. கையெழுத்தை நினைவுபடுத்திய மேலாளர்களிடம் அவர், விசுவாசத்துக்கும் நெறிக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை அவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். வழக்கு முழுக்க அந்த ஒரு பேச்சு அவரைத் துரத்தியது. வாய் சும்மா இருந்திருந்தால் கீழ்க்கோர்ட்டோடு முடிந்திருக்கும்.

1963ல் ஒஹையோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பாதிப்பாதி. புதிய இடத்தில் வேலை செய்யலாம், விண்வெளி உடைத் துறையில்கூடச் செய்யலாம். குட்ரிச்சின் ரகசியங்களை மட்டும் சொல்லக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், முன்பு செய்து பார்த்துத் தோற்ற ஒரு முறையைப் புது இடத்தில் ஒருவர் முயலும்போது ‘அது சரிப்படாது’ என்று சொல்வது அனுபவமா, ரகசியமா? எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பாதித் தொழில். அந்தத் தீர்ப்பில் இதற்கு விடை இல்லை. வேறு தீர்ப்புகளில் தேடியும் எனக்குத் திருப்தியாக ஒன்று அகப்படவில்லை.

ஓரளவுக்கு நெருங்கியது ஒரு கோழி வழக்கு. 1986ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஃபாசென்டா சிக்கன் தீர்ப்பு. குளிர்வேனில் கோழி விற்ற கம்பெனியின் விற்பனை மேலாளர் விலகிப்போய் அதே தெருக்களில் வேனை ஓட்டினார். எந்த வாடிக்கையாளர், என்ன விலை, எந்த வழி என்பது அவர் தலையில் இருந்தது. வேலையில் இருக்கும்வரை அதைக் காக்கக் கடமை உண்டு. விலகிய பிறகும் ஒருவனைக் கட்டுவது உண்மையான தொழில் ரகசியம் மட்டுமே, வேலை செய்ததால் தலையில் தங்கிவிட்ட பொது அறிவும் திறமையும் அவனுடையவை என்றார்கள். கம்பெனி தோற்றது.

நம் நாடுகள் இரண்டும் இங்கிலாந்து வழியில் வந்தவை. 1968ல் ஒரு மொபெட் இஞ்சினைப் பற்றிய கோகோ - கிளார்க் வழக்கில் சொன்ன மூன்று கேள்விகள்தான் நம் கோர்ட்டுகளிலும் ஓடுகின்றன. தகவல் ரகசியத் தன்மை உள்ளதா, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதா, அனுமதியின்றிப் பயன்படுத்தி நட்டம் விளைந்ததா? சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் ஐ-அட்மின் வழக்கில் இதைத் திருப்பிப்போட்டு, முதல் இரண்டும் நிரூபணமானால், தன் மனச்சாட்சி சுத்தம் என்று காட்டவேண்டிய பாரம் எதிராளி தலையில் என்றது. முதலாளிகளுக்கு அது பெரிய பலம். மலேசியாவில் தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் அது. ஆக, ரகசியத்தைச் சொல்லாதே என்று எழுதி வாங்கலாம். விலகிய பிறகு போட்டிக் கம்பெனிக்கே போகாதே என்று எழுதி வாங்கினால் இங்கே அது வெறும் மை. சிங்கப்பூரில் அப்படி இல்லை, தடை நியாயமானதா என்று பார்ப்பார்கள்.

என் அண்ணன் மகள் வேதியியல் படித்துவிட்டு, கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குத் தேர்வானாள். பாலும் நைட்ரைலும், கந்தகமும் துத்தநாக ஆக்ஸைடும். ஹான்காக் முகர்ந்த அதே கந்தகம். இன்றைக்குக் கந்தகம் ரகசியமில்லை. எது எவ்வளவு, எந்த வரிசையில், எந்தச் சூட்டில் என்பதுதான் ரகசியம். நான்கு பக்க என்டிஏவை நீட்டியிருந்தார்கள். ‘சித்தப்பா, இதுல கையெழுத்துப் போட்டா வேற ஃபேக்டரிக்கே போக முடியாதா?’ என்று கேட்டாள். படித்துப் பார்த்தேன். ரகசியத் தகவல் என்பதற்கு ‘வேலைக் காலத்தில் அறியவரும் எல்லாத் தகவலும்’ என்று இலக்கணம். மாதிரிகளை வெளியே கொடுக்கக் கூடாது, வெளி மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்வதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். இது எனக்குப் பிடித்திருந்தது, யாரோ குட்இயர் கதையைப் படித்திருக்கிறார்கள். கடைசியில், விலகி இரண்டு ஆண்டுக்கு இந்த வட்டாரத்தில் எந்தக் கையுறை நிறுவனத்திலும் சேரக் கூடாது.

வக்கீல் நண்பர் ஒருவர் கடைசி ஷரத்தைப் பார்த்துவிட்டு 28ஆம் பிரிவைத்தான் சொன்னார். செல்லாது என்று தெரிந்தும் ஏன் போடுகிறார்கள் என்றேன். ‘இருபத்து மூணு வயசுப் பிள்ளைக்கு அது தெரியாதுல்ல, அதுக்குத்தான்’ என்றார். அவர் யோசனைப்படி அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். ‘பொதுவான அறிவும் தொழில் திறமையும் ரகசியத் தகவலில் சேராது’ என்று இலக்கணத்தின் கீழே ஒரு வரி. எச்.ஆர். பெண், எல்லாருக்கும் இதே ஃபாரம்தான் லா, யாரும் கேட்டதில்லை என்றாளாம். இரண்டு வாரம் இழுத்து, வரியைச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுத் தடை அப்படியே இருக்கிறது. அதை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன், வாங்கி அனுப்பியிருக்கிறாள்.